தொங்கலை அறுத்ததற்கே தாவீதின் மனது அடித்துக்கொண்டது

சீயோன் காவற்காரன்: நேற்று ஒருவர், "தாவீதே சவுலை எதிர்த்தான், சபை ஊழியரைக் கேள்வி கேட்பது விசுவாசியின் உரிமை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. என்கேதியில் தாவீது ஒளிந்திருந்த கெபிக்குள் (குகைக்குள்), கர்த்தர் அபிஷேகம்பண்ணின ராஜாவாகிய சவுல் தனியாக வந்து சிக்கினான். 3,000 பேரோடு தாவீதைக் கொல்லத் தேடி வந்தவன்! தாவீது அறுத்ததோ சால்வையின் தொங்கலை மட்டும். அதற்கே "அவன் மனது அடித்துக்கொண்டிருந்தது" (1 சாமுவேல் 24:5). துணிக்கே அந்தப் பயம் என்றால், ஊழியரின் பெயரைத் தினமும் கிழிக்கிறவர்களுக்கு எவ்வளவு பயம் வேண்டும்?

பெரோயாக்காரன்: அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். எதிர்த்தான் என்று நான் எழுதவில்லை, தட்டிக் கேட்டான் என்று எழுதினேன். நீங்கள் 5-ம் வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டீர்கள். 8-ல் தாவீது வெளியே வந்து சவுலைச் சத்தமிட்டுக் கூப்பிடுகிறான். 11-ல் அதே தொங்கலைக் கையில் பிடித்துக் காட்டுகிறான். 12-ல், கர்த்தரே நமக்குள் நியாயம் விசாரிக்கட்டும் என்கிறான். இதுவா வாய்மூடி இருப்பது?

சீயோன் காவற்காரன்: அதே 8-ம் வசனத்தின் பின்பாதியை ஏன் விழுங்கினீர்கள்? தரைமட்டும் முகங்குனிந்து வணங்கிவிட்டுத்தான் பேசினான். 11-ல் "என் தகப்பனே" என்கிறான். போன வாரம் நீங்கள் ஒரு ஊழியரைக் "கொள்ளைக்காரன்" என்று எழுதினீர்களே, அதில் தகப்பன் எங்கே? தொங்கலுக்கே மனது அடித்துக்கொண்டது, அதற்குப் பதில் வரவில்லை.

எழுத்தாணி: இரண்டு பேரும் அதைத் துணி என்றே பேசுகிறீர்கள். எபிரெயத்தில் அந்தச் சொல் கானாஃப். எண்ணாகமம் 15:38-ல் இளநீல நாடாவோடு தொங்கல் கட்டச் சொன்ன வஸ்திர ஓரமும் அதுவே. 1 சாமுவேல் 15-ல் தீர்க்கதரிசியாகிய சாமுவேலின் சால்வைத் தொங்கல் கிழிந்தபோது, ராஜ்யம் உன்னிடத்திலிருந்து கிழிக்கப்பட்டது என்று சாமுவேல் சவுலிடம் சொன்னான். அப்படியானால் தாவீது அறுத்தது ராஜ்யத்தின் அடையாளம். தனக்கு வரவேண்டிய ராஜ்யத்தைத் தேவன் கொடுக்குமுன் தானே எடுத்துக்கொண்டோமே என்றுதான் மனது அடித்திருக்கும். கேள்வி கேட்டதற்காக அல்ல.

சீயோன் காவற்காரன்: எபிரெயம் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள், இனி தமிழ் வேதம் போதாது. ராஜ்யத்தின் அடையாளம் என்றால் பாவம் இன்னும் பெரிதாகிறது, குறையவில்லை. என் பக்கம்தானே பேசியிருக்கிறீர்கள், நன்றி.

எழுத்தாணி: உங்கள் பக்கம் பேசவில்லை. தசமபாக (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) விவாதத்திலும் என் வாக்கியத்தைப் பாதியாக வெட்டித்தான் காட்டினீர்கள்.

சீயோன் காவற்காரன்: அந்தப் பழைய கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அன்று பதில் சொல்லாமல் போனது நீங்கள்.

ஒலிவக்கன்று: கணக்கு என்றதும் எழுதத் தோன்றியது. நான் சபையில் கேட்டது ஒரே ஒரு தாள், கட்டட நிதியின் வரவு செலவு. அடுத்த ஞாயிறு பிரசங்கம், மோசேக்கு விரோதமாகக் கலகம் பண்ணின கோராகைப் பற்றி. பெயர் சொல்லவில்லை, ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வாரமே பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பென்சிலால் நான் குறிப்பு எழுதியிருந்த பாட்டுப் புத்தகம் ஒரு பையன் கையில் திரும்பி வந்தது. நான் கோராகா, பிரதர்? கோராகு கேட்டது ஆசாரியத்துவத்தை, அதாவது ஆசாரியப் பதவியை (எண்ணாகமம் 16:10). நான் கேட்டது தாள். அதே அதிகாரம் 15-ம் வசனத்தில் மோசே, அவர்களுடைய ஒரு கழுதையைக்கூட எடுத்ததில்லை என்கிறான்.

சீயோன் காவற்காரன்: சிஸ்டர், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் மோசே அதைச் சொன்னது கர்த்தரிடத்தில். யாரும் தாள் கேட்டு அவன் கொடுக்கவில்லை. முறுமுறுப்பு எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள்: கோராகோடு தூபகலசம் (தூபம் காட்டும் பாத்திரம்) தூக்கிய 250 பேர் அக்கினிக்கு, மறுநாள் வாதையில் 14,700 பேர். அந்த 14,700 பேரில் யாரும் தூபகலசம் தூக்கவில்லை, முறுமுறுத்தார்கள், அவ்வளவுதான்.

ஒலிவக்கன்று: அந்த வாதையில் பிரதான ஆசாரியனாகிய ஆரோன் என்ன செய்தான்? ஜனத்துக்காகத் தூபம் காட்டி, செத்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவே ஓடிப்போய் நின்றான். என்னைக் கோராகு என்றவர் எனக்காக ஒரு ஜெபமும் பண்ணவில்லை. சாமுவேலோ ஜனத்துக்கு முன்பாகவே, யாருடைய எருதை எடுத்தேன், சாட்சி சொல்லுங்கள் என்று கேட்டான் (1 சாமுவேல் 12:3). பவுல் காணிக்கைப் பணத்தில் ஒருவனும் குற்றம் சொல்லாதபடி சகோதரரையும் கூட அனுப்பினான் (2 கொரிந்தியர் 8).

பெரோயாக்காரன்: அந்தியோகியாவில் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தவனும் அதே பவுல்தான் (கலாத்தியர் 2). அவனுக்கும் மனது அடித்துக்கொண்டதா?

சீயோன் காவற்காரன்: பவுல் அப்போஸ்தலன், நீங்கள் யார்? பிரதான ஆசாரியன் என்று தெரியாமல் கடிந்து பேசிவிட்டு, தெரிந்ததும் ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லாதே என்ற நியாயப்பிரமாண வசனத்தைச் சொல்லித் தன்னைத் திருத்திக்கொண்டவனும் அவன்தான் (அப்போஸ்தலர் 23:5). நான் இருபது வருஷமாக ஒரே சபையில் இருக்கிறேன், ஒருநாளும் ஊழியருக்கு எதிராக வாய் திறந்ததில்லை.

பெரோயாக்காரன்: தாவீதின் பாவத்தை நேருக்கு நேர் சொன்ன தீர்க்கதரிசி நாத்தான் அப்படி இருந்திருந்தால், தாவீது கொல்லவைத்த உரியாவின் கதை வெளியே வந்திருக்காது.

சீயோன் காவற்காரன்: நாத்தானைக் கர்த்தர் அனுப்பினார். உங்களை யார் அனுப்பினார்? முதலில் தொங்கலுக்குப் பதில் சொல்லுங்கள். மூன்றாவது முறை கேட்கிறேன்.

ஒலிவக்கன்று: எனக்கு இன்னும் அந்தத் தாள் வரவில்லை.

சீயோன் காவற்காரன்: 1 சாமுவேல் 24:5. எல்லாரும் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.