பழைய பென்டியம் கணினி: பயாஸில் உள்ள 'வைரஸ் வார்னிங்' மட்டும் போதுமா?

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் அச்சகத்தில் 1998 முதல் ஓடிய கணினியை இன்னும் வைத்திருக்கிறேன். இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போர்டு, அவார்டு பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும், போர்டின் சிப்பிலேயே இருக்கும் மென்பொருள்), விண்டோஸ் 98. அவர் வடிவமைத்த கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் மலர்களும் பேஜ்மேக்கர் கோப்புகளாக அதிலும் நாற்பது ஃபிளாப்பிகளிலும் இருக்கின்றன. ஒன்றுகூடப் போய்விடக் கூடாது.

பயாஸில் 'வைரஸ் வார்னிங்' எனேபிள் செய்திருப்பதால் பயமில்லை என்றே இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இப்போதுதான் புரிகிறது, அது வைரஸைத் தேடுவதே இல்லை. ஹார்டு டிஸ்கின் பூட் செக்டாரில் (கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் பகுதி) ஏதாவது எழுத வந்தால் நிறுத்திக் கேட்கும், அவ்வளவுதான். அதுவும் பயாஸ் வழியாக எழுதினால் மட்டும். விண்டோஸ் 98 தன் சொந்த 32 பிட் டிரைவர் மூலம் எழுதுவது இதன் கண்ணிலேயே படாது. வேர்டு கோப்பில் வரும் மேக்ரோ வைரஸ் பற்றியும் இதற்கு ஒன்றும் தெரியாது.

செர்னோபில் என்கிற சிஐஎச் வைரஸ்தான் என் பெரிய கவலை. 1999 ஏப்ரல் 26 அன்று ஹார்டு டிஸ்கின் தொடக்கத்தை அழித்ததோடு, பல போர்டுகளில் பயாஸ் சிப்பையே கெடுத்தது அது. 430டிஎக்ஸ் போர்டுகள் அதற்குச் சுலபமான இரை. ஏதோ ஒரு ஃபிளாப்பியில் அது இன்னும் ஒளிந்திருந்தால்?

ஃபிளாப்பிகளை முதலில் லினக்ஸ் கணினியில் போட்டு, கிளாம்ஏவி என்கிற வைரஸ் தேடும் மென்பொருள் கொண்டு சோதிக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா? போர்டு மேனுவல் தொலைந்துவிட்டது. பயாஸ் எழுதுவதைத் தடுக்கும் ஜம்பரை (போர்டில் மாற்றி மாட்டும் சிறு இணைப்பு) எப்படி அடையாளம் காண்பது? சிப்பைக் கழற்றிப் பிரதி எடுக்கும் புரோகிராமர் கருவி திருச்சிப் பக்கம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், நேரில் கொண்டு வருகிறேன்.