கிரை1 அடக்கியதும் பிமால்1 அலை காணோம்: கடிகாரமே நின்றதா, செய்முறைப் பிழையா?

கேள்வி
வணக்கம். செல்லுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரத் தாளத்தில் ஓடும் உயிர்க்கடிகாரத்தைப் பார்க்கிறேன்; பிமால்1, கிரை1, கிரை2, பெர்1, பெர்2 ஆகியவை அதன் மரபணுக்கள். பிமால்1 முன்னூக்கியுடன் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) லூசிஃபெரேஸ் (ஒளி தரும் நொதி) இணைத்த யு2ஓஎஸ் செல்கள் (மனித எலும்புப் புற்றுச் செல்கள்). எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொடுத்து 2 நாள் கழித்து, எல்லாச் செல்களின் கடிகாரத்தையும் ஒன்றாகத் தொடங்கவைக்க 100 நானோமோலார் டெக்ஸாமெத்தசோன் (ஒரு ஸ்டீராய்டு) 1 மணி நேரம், அதன்பின் ஒளிர்வுப் பதிவு. கன்ட்ரோல் தட்டில் 3 அலை வந்து 4ஆம் நாள் அடங்குகிறது. கிரை1 தட்டில் அலையே இல்லை. தனித் தட்டுகளில் 0, 6, 12, 18, 24 மணி நேரத்தில் ஆர்என்ஏ எடுத்து கியூபிசிஆரில் (ஆர்என்ஏ அளவை அளக்கும் முறை) அளந்தால் பெர்1 முதலிலேயே எகிறி, பிறகு ஒழுங்கில்லாமல் போகிறது. எங்கே கோளாறு?

பதில் 1
கியூபிசிஆர் குழப்பத்துக்குக் காரணம் நீங்கள் எடுத்த நேரம்தான். டெக்ஸாமெத்தசோன் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி வழியாக பெர்1-ஐ நேரடியாகத் தூண்டும். அந்த எழுச்சி கடிகாரத்தின் அலை அல்ல. முதல் 24 மணி நேரத்தை விட்டுவிடுங்கள். 24 முதல் 72 வரை 4 மணிக்கொரு முறை, ஒவ்வொன்றுக்கும் 3 தட்டு. இடையில் மீடியம் (செல் வளர்ப்புத் திரவம்) மாற்றவே கூடாது: அதிலுள்ள புது சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) பட்டாலே கடிகாரம் மறுபடி திருத்தப்படும். 1998இல் 50% குதிரை சீரம் கொண்டு வளர்ப்புச் செல்களில் தாளத்தை எழுப்பியதே அந்த வழியில்தான்.

பதில் 2
4ஆம் நாள் அடங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு செல்லும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காலம் சற்றே வேறுபடுவதால் ஒன்றுக்கொன்று விலகி, கூட்டு அலை மட்டமாகிறது. சோதிக்க எளிய வழி: அதே தட்டில் மீண்டும் டெக்ஸாமெத்தசோன் சேருங்கள். அலை திரும்பினால் விலகல்தான். திரும்பாவிட்டால் லூசிஃபெரின் (லூசிஃபெரேஸ் ஒளி தரத் தேவையான பொருள்; 100 மைக்ரோமோலார் போதும்), மீடியம் வற்றல், செல் இறப்பு ஆகியவற்றைப் பாருங்கள். கருவியில் கார்பன் டை ஆக்சைடு இல்லையென்றால் அமில அளவை நிலையாக வைக்க 10 மில்லிமோலார் ஹெப்பிஸ் அவசியம். பீனால் சிவப்பு (அமில அளவைக் காட்டும் சாயம்) இல்லாத மீடியம் எடுங்கள், அது ஒளியை விழுங்கும். தட்டைக் கண்ணாடி வில்லையும் சிலிக்கோன் கிரீஸும் வைத்து அடைத்தீர்களா?

கேள்வி கேட்டவர்
வெறும் மூடிதான் போட்டேன், அடைக்கவில்லை. இன்னொன்று: பிமால்1 உச்சத்தில் பெர்2 தாழ்கிறதே, அது தவறா?

பதில் 2
சரியாகத்தான் இருக்கிறது. பெர்2-ஐ அதன் முன்னூக்கியிலுள்ள ஈ-பாக்ஸ் என்ற டிஎன்ஏ பகுதி வழியாக கிளாக்–பிமால்1 புரத இணை ஏற்றும். பிமால்1-ஐ ரெவ்-எர்ப் ஆல்ஃபா என்ற புரதம் அடக்கும், ரோர் என்ற புரதம் ஏற்றும். ஆகவே பெர்2, பிமால்1 இரண்டும் ஏறக்குறைய எதிர்க்கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி) வரும். வெறும் மூடியென்றால் நாளுக்கு நாள் மீடியம் வற்றும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பதில் 3
கிரை1 முடிவை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். கிரை1 இல்லாத எலியின் மூளைக் கடிகாரத் துண்டு செல்களின் பிணைப்பால் தாளம் காக்கிறது; பிரித்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (இணைப்புத் திசுச் செல்கள்) பெரும்பாலும் தாளத்தை இழக்கின்றன. யு2ஓஎஸ் செல்களுக்கு அந்தப் பிணைப்பு இல்லை. பக்கத்தில் கிரை2 அடக்கிய தட்டும் வையுங்கள். அங்கே அலையின் காலம் நீண்டு வலுவான அலை வந்தால் உங்கள் டிரான்ஸ்ஃபெக்ஷனும் (எஸ்ஐஆர்என்ஏ-வைச் செல்லுக்குள் செலுத்துவது) பதிவும் நலம். அதுவும் தட்டையானால் செய்முறையைச் சந்தேகியுங்கள். கிரை1-க்கு வேறு வரிசை கொண்ட 2 எஸ்ஐஆர்என்ஏ தேவை, ஒன்றை நம்பி எழுதாதீர்கள். பதிவு முடிந்த அன்று கிரை1 புரதம் இன்னும் குறைவாக உள்ளதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் சோதனை) பாருங்கள். காலத்தைக் கணக்கிடும்போது 24 மணி நேர நகரும் சராசரியைக் கழித்து, தணியும் கொசைன் வளைவு (உயரம் குறைந்துகொண்டே போகும் அலை வடிவம்) பொருத்துங்கள்.