ஷேல்: களிப்பாறையா, ஏட்டுப்பாறையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் அறிவியல் கண்காட்சி அட்டைகளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் அட்டையில் ஷேல் (shale) என்ற படிவுப்பாறையின் தமிழ்ப்பெயருக்கான கட்டம் மட்டும் இன்னும் காலி.

‘களிப்பாறை’ போதும் என்கிறார் நம் குழுவின் ஈப்போ ஐயா. எனக்கு மனம் ஒப்பவில்லை. களிமண் இறுகியது கட்டியாக உடைந்தால் அது சேற்றுக்கல். தகடு தகடாகப் பிரிந்தால்தான் ஷேல். போன சனிக்கிழமை செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், மேடு வெட்டிப் பாதை போட்ட இடத்தில் ஒரு துண்டு எடுத்து வந்தேன். ஓரத்தில் பேனாக்கத்தியை வைத்து அழுத்தியதும் இதழாகக் கழன்று வந்தது. “சார், பழைய புத்தகம் மாதிரி இருக்கு” என்றான் ஒரு பையன். பாலேடும் ஓலையேடும் நம்மிடம் இருக்க, ‘ஏட்டுப்பாறை’ என்று சொன்னால் என்ன குறை?

இந்தப் பிரிவு மேல்தோற்றம் மட்டும் இல்லை. தட்டையான களித்துகள்கள் மேலே படிந்த வண்டலின் பாரத்தில் படுத்த வாக்கில் அடுக்காக அமைந்ததால் வந்தது. ஏடுகளின் ஊடே வாயு கொஞ்சம் நகரும்; குறுக்கே கடந்து மேலேறத் திணறும். அமெரிக்காவின் மார்செல்லஸ் ஷேல் பாறை சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அதில் புதைந்த உயிர்ப்பொருள் சூடேறி உண்டான வாயுவில் பெரும்பங்கு பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டது. அதனால்தான் தண்ணீரையும் மணலையும் அழுத்திச் செலுத்தி, விரிசல் உண்டாக்கி எடுக்கிறார்கள். பெயரில் ஏடு இருந்தால் இதை விளக்குவது பாதி முடிந்த மாதிரி.

ஆங்கிலச் சொல்லின் வேர் ஓடு, உமி என்ற பொருளில் போவதைக் காட்டிக் கிள்ளான் அக்கா ‘செதிள்பாறை’ என்றார். நல்ல சொல்தான், ஆனால் செதிள் என்றதும் இங்கே மீன்தான் வரும். அப்புறம், ‘வாயு’ வடசொல், ‘எரிவளி’ என்றே எழுது என்ற அன்பருக்கு: சங்கப் பாட்டிலேயே வளி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எரிவாயுத் தோம்பு (சிலிண்டர்) என்று நாளிதழில் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரே நாளில் இரண்டு புதுச்சொல்லை இறக்க முடியாது.

புதன் இரவு சேர்த்தது:

ஏழு பேர் களிப்பாறை, மூன்று பேர் ஏட்டுப்பாறை. சரி, அட்டையில் களிப்பாறை என்றே போகட்டும். ஆனால் ‘ஏட்டு’ என்றால் போலீஸ்காரர் நினைவு வரும் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. அது தமிழ்நாட்டுச் சிக்கல். எங்கள் ஊர்ப் போலீஸில் ஏட்டு கிடையாது.