எம்.பி.ஏ. மார்க்கெட்டிங்: 6 லட்சம் கல்விக் கடனை சேல்ஸ் வேலைச் சம்பளம் தாங்குமா?

பொள்ளாச்சி_மாமா:
அக்கா மகன் பி.காம். முடித்துவிட்டான். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் சீட் கிடைக்கிறது. இரண்டு வருடத்துக்குக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 6.3 லட்சம். பொதுத்துறை வங்கியில் 6 லட்சம் கடன் தருகிறார்கள், வட்டி 10.5%. படித்து முடித்தால் 4.2 லட்சம் சி.டி.சி.யில் (ஒருவருக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) சேல்ஸ் வேலை கிடைக்கும் என்கிறது கல்லூரி.

இன்னொரு பக்கம், உள்ளூர் டிஸ்ட்ரிபியூட்டரிடம் இப்போதே சேல்ஸ் ரெப் வேலை தயார். கையில் 16,000, பெட்ரோல், இன்சென்டிவ் தனி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 5 லட்சம். எதில் போகலாம்? உணர்ச்சிவசப்படாமல் கணக்காகச் சொல்லுங்கள்.

தவணைக்கணக்கு:
முதலில் கடன். 6 லட்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், திருப்பிக் கட்டத் தொடங்கும்போது அது 6 லட்சமாக இருக்காது.

வங்கி ஒவ்வொரு செமஸ்டருக்கும் 1.5 லட்சமாக விடுவிக்கும். படிப்புக் காலம் 2 வருடம், அதற்கு மேல் 1 வருடம் தவணை விலக்கு. அந்த 36 மாதமும் தனிவட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் 1.5 லட்சத்துக்கு 3 வருட வட்டி, அடுத்ததற்கு 2.5, பிறகு 2, கடைசிக்கு 1.5. கூட்டினால் 1,41,750 ரூபாய். தவணை போடும் நாளில் இது அசலோடு சேர்ந்து 7,41,750 ஆகிவிடும்.

10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 10,010, மொத்தம் கட்டுவது 12 லட்சம். 7 வருடம் என்றால் மாதம் 12,500, மொத்தம் 10.5 லட்சம். 15 வருடம் என்றால் மாதம் 8,200தான், ஆனால் மொத்தம் 14.75 லட்சத்தைத் தாண்டும். கிளையில் 15 வருடத்தைக் காட்டி "தவணை குறைச்சல்தானே சார்" என்பார்கள்.

படிக்கும்போதே மாத வட்டியை மட்டும் கட்டிவர முடிந்தால் பெரிய வித்தியாசம். முதல் ஆறு மாதம் 1,313, பிறகு 2,625, 3,938, கடைசியில் 5,250. அப்படிக் கட்டினால் அசல் 6 லட்சத்திலேயே நிற்கும், 10 வருடத் தவணை 8,100 ஆகும். பல வங்கிகளில் இப்படிக் கட்டுபவருக்கு 1% வட்டிச் சலுகையும் உண்டு. சாங்க்ஷன் கடிதத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதியின் கீழ் வருவதால் சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரர். தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், பையனோடு சேர்ந்து அவர்கள் சிபில் ஸ்கோரும் விழும். வேலை கிடைக்காவிட்டாலும் 37-ஆம் மாதம் தவணை வந்து நிற்கும்.

கடனோடு ஆயுள் காப்பீட்டு பிரீமியத்தையும் சேர்த்துவிடப் பார்ப்பார்கள். விருப்பம் இருந்தால் மட்டும் எடுங்கள், அந்த பிரீமியத்துக்கும் 10.5% வட்டி ஓடும்.

பீட்_பிளான்:
4.2 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 35,000 என்று எண்ணிவிடாதீர்கள். சேல்ஸ் ஆஃபரில் வேரியபிள், அதாவது டார்கெட்டை எட்டினால்தான் வரும் பகுதி, 25% என்று வையுங்கள், 1,05,000 போய்விட்டது. மீதி 3,15,000-இல் கம்பெனி போடும் பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் உள்ளடக்கம். பேசிக் பாதி என்றால் அவை 18,900-மும் 7,600-மும். மாதச் சம்பளம் 24,000 சொச்சம். அவன் பங்கு பி.எஃப்., தொழில்வரி போகக் கையில் 22,250. 10 வருடக் கணக்கில் வங்கித் தவணை 10,010, அதில் 45%.

வேரியபிள் வரும் என்று நம்பி தவணையை நிர்ணயிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பல கம்பெனிகளில் டார்கெட்டில் 80%-க்குக் கீழே போனால் இன்சென்டிவ் சுழியம். காலாண்டுக்கு ஒருமுறை தருவார்கள், அதுவும் தரும் தேதியில் வேலையில் இருந்தால்தான். மாதக் கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் சரக்கைக் கட்டி டார்கெட்டைத் தொட்டாலும், அடுத்த மாதம் ரிட்டர்ன் வந்தால் கழித்துக்கொள்வார்கள். டி.ஏ. (தினப்படி), பெட்ரோல் பில் பாஸாக ஒரு மாதம் ஆகும், அதுவரை 5,000, 6,000 கைக்காசு சுழல வேண்டும். போஸ்டிங் ஒசூரிலோ நெல்லூரிலோ விழுந்தால் வாடகை, சாப்பாடு வேறு. உள்ளூர் வேலையில் அந்தச் செலவு இல்லை.

ஆஃபர் கடிதத்தில் பார்க்க வேண்டியது: ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிளுக்கு எந்த ஸ்லாப், புரொபேஷன் காலத்தில் இன்சென்டிவ் உண்டா, டார்கெட் பிரைமரியா (கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்பது) செகண்டரியா (டிஸ்ட்ரிபியூட்டர் கடைகளுக்கு விற்பது). கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்றால் பிரைமரிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி_மாமா:
நன்றி. பிளேஸ்மென்ட் அதிகாரி "சராசரி 5.5 லட்சம், 4.2 என்பது குறைந்தபட்சம்" என்கிறார். வரிச் சலுகையும் உண்டு என்றார்.

நடுமதிப்பு:
சராசரியை விட்டுவிடுங்கள் சார். இரண்டு பேருக்கு 15 லட்சம் கிடைத்தால் மொத்த வகுப்பின் சராசரியும் ஏறிவிடும். கல்லூரி என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை) கொடுத்த தரவுத் தாள் அதன் இணையதளத்திலேயே இருக்கும். இரண்டு வருட முதுகலைப் பட்டியலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, சம்பளத்தின் நடுமதிப்பு (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) என்ன என்று வரிசையாக இருக்கும். மூன்று வருடத்தை ஒப்பிடுங்கள். முடித்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் வேலை என்றால், அந்த நடுமதிப்பு வேலை கிடைத்தவர்களுடையது மட்டும்.

வரிச் சலுகை 80இ பிரிவு. வட்டிக்கு மட்டும், பழைய வரி முறையில் மட்டும், 8 வருடம். இந்தச் சம்பளத்துக்கு எந்த முறையிலும் வரியே வராது. கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

இப்போது உண்மையான ஒப்பீடு. எம்.பி.ஏ. சம்பளத்தைத் தவணையோடு ஒப்பிடக் கூடாது. எம்.பி.ஏ. சம்பளத்துக்கும், படிக்காமலே கிடைத்திருக்கும் சம்பளத்துக்கும் உள்ள *வித்தியாசத்தை*த்தான் தவணையோடு ஒப்பிட வேண்டும். இரு பக்கமும் ஆண்டுக்கு 8% உயர்வு என்று வைத்தால், தவணை தொடங்கும் நாளில் உள்ளூர் ரெப் 20,155 வாங்குவான், எம்.பி.ஏ. 24,030. வித்தியாசம் 3,875. தவணை 10,010! போதாததற்கு, படித்த இரண்டு வருடத்தில் விட்ட சம்பளம், உயர்வைச் சேர்க்காமலே, 3.84 லட்சம்.

வித்தியாசமே தவணையைக் கட்ட வேண்டும் என்றால், முதல் மாதமே கையில் 28,000 வர வேண்டும். அதற்கு ஃபிக்ஸட் 3.9 லட்சம், வேரியபிள் 25% என்றால் சி.டி.சி. 5.2 லட்சம். நடுமதிப்பு இதற்குக் கீழே என்றால் இந்த விலைக்கு அந்த சீட் வேண்டாம்.

பீட்_பிளான்:
இதில் ஒரு திருத்தம். இரு பக்கமும் 8% என்பது நியாயமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் சம்பளப் பட்டியலில் இருக்கும் ரெப்புக்குக் கம்பெனி ரோலில் (கம்பெனியின் நேரடி ஊழியராக) நுழைவதே தனிப் போராட்டம், பல கம்பெனிகளில் ஏரியா மேனேஜர் ஆக எம்.பி.ஏ. கேட்கிறார்கள். எம்.பி.ஏ. பக்கம் 12% போட்டுப் பாருங்கள்.

நடுமதிப்பு:
போட்டேன். 12%, 8% என்றால் வேலைக்குச் சேர்ந்து 4 வருடத்தில் வித்தியாசம் 9,600, 5 வருடத்தில் 11,800. அதாவது ஐந்தாம் வருடம்தான் தவணையைத் தாண்டும். நடுவில் மூன்று, நான்கு வருடப் பள்ளத்தை யார் நிரப்புவது? அந்தக் குடும்பத்தால் முடியுமா என்பதே கேள்வி.

கம்பெனி ரோல்தான் தடை என்றால் வேலையில் இருந்துகொண்டே இக்னோ போல யு.ஜி.சி. அனுமதி உள்ள தொலைநிலை எம்.பி.ஏ. படிக்கலாம். ஒரு லட்சத்துக்குள் முடியும். கேம்பஸ் இன்டர்வியூ கிடைக்காது, ஆனால் "எம்.பி.ஏ. கட்டாயம்" என்ற கட்டம் நிரம்பும்.

தவணைக்கணக்கு:
ஒன்று விட்டுப்போச்சு. வருமானம் 5 லட்சம் என்பதால் முழு வட்டி மானியம் கிடையாது, அதன் வரம்பு 4.5 லட்சம். ஆனால் 2024-இல் வந்த மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் குடும்ப வருமானம் 8 லட்சம் வரை 3% வட்டி மானியம் உண்டு, தவணை விலக்குக் காலத்துக்கு மட்டும். உங்கள் கணக்கில் 40,500 ரூபாய் குறையும். கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. நீங்கள் எந்தக் கோட்டா என்று சொல்லவில்லை, அலாட்மென்ட் ஆர்டரைப் பாருங்கள்.

எடுப்பதாகவே முடிவானால்: மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. முதல் வருட முடிவில் இன்சென்டிவிலிருந்து 50,000 கட்டினாலே 12 மாதத் தவணை குறையும். "தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், மாதங்களைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சில கிளைகளில் தொகையைக் குறைத்துவிட்டு மாதங்களை அப்படியே விட்டுவிடுவார்கள்.

பொள்ளாச்சி_மாமா:
ஆர்டரைப் பார்த்தேன், மேனேஜ்மென்ட் கோட்டா. தரவுத் தாளில் நடுமதிப்பு 3.6 லட்சம். அக்காவிடம் இரவு பேசுகிறேன்.