கரைமொழியில் கயிறும் படகும் ஒரே சொல்லாகிவிடுகின்றன: விதி வரிசையில் உதவி தேவை

கடலோரன் (திருகோணமலை):
கொட்டியாரக் குடாவை மனதில் வைத்து ஒரு தீவுக் கதை எழுதுகிறேன். அதற்காக ஒரு தாய்மொழியும், அதிலிருந்து பிரிந்த கரைமொழி, மலைமொழி இரண்டும் உருவாக்கி வருகிறேன். தாய்மொழியில் கேனு கயிறு, கைனு படகு. கரைமொழிக்கு எக்செலில் போட்ட விதிகள்: முதலில் ஐ என்பது ஏ ஆக மாறும், பிறகு இ, எ, ஏ ஒலிகளுக்கு முன்னால் க் என்பது ச் ஆக மாறும், கடைசி உகரம் விழும். கயிறும் சேன், படகும் சேன் என்று வருகிறது. மீனவர் கதையில் இது சரிவராது. இன்னொன்று, கிடமு (பாறை) கிடம் என்றே நிற்க வேண்டும். அந்த ஒரு சொல்லை விதியிலிருந்து எடுத்துவிடலாமா?

ஒலித்தடம்:
தம்பி, முதல் இரண்டு விதிகளையும் இடம் மாற்றுங்கள். க் முதலில் ச் ஆகட்டும். அப்போது கைனுவில் இருப்பது ஐ, அதனால் தப்பிவிடும். அதற்குப் பிறகு ஐ ஏ-ஆக மாறினால் படகு கேன், கயிறு சேன். மலைமொழியில் ஐ மாறாமல் விட்டால் படகு அங்கே கைன். உறவும் தெரியும்.

வேர்தேடி:
ஒரு சொல்லுக்கு மட்டும் சலுகை வேண்டாம். நிபந்தனையாகப் போடுங்கள். நம் தமிழே இப்படித்தான். கன்னடத்தில் கிவி, கேரி. நம்மிடம் செவி, சேரி. ஆனால் கெடு, கேள், கிளி ஆகியவற்றில் க் நின்றுவிட்டது, ஏனென்றால் அடுத்து ட, ள போன்ற நாமடி ஒலி (நாக்கை மடித்துச் சொல்வது) வருகிறது. தெலுங்கு அதையும் விடவில்லை: செடு (கெடு), சிலுக (கிளி). விலக்குக்குப் பின்னாலும் ஒரு விதி இருக்கலாம்: 1870களில் மொழியியலாளர் கார்ல் வெர்னர், ஜெர்மானிய மொழிகளில் விலக்காகத் தெரிந்த ஒலிமாற்றத்துக்குப் பின்னால் சொல்லின் பழைய அசையழுத்தம் இருந்ததைக் கண்டுபிடித்தார். கிடமுவில் ட இருக்கிறதே! கரைமொழி தமிழ் வழி போகட்டும், மலைமொழி தெலுங்கு வழியில் சிடம் என்று சொல்லட்டும். ஆனால் க்-இல் தொடங்கி நாமடி ஒலி தொடரும் எல்லாச் சொற்களுக்கும் இதே விதிதான்.

கடலோரன்:
நன்றி அண்ணா, இரண்டும் சரியாக வருகிறது. வியாபாரிகள் கொண்டுவரும் சொற்களுக்கும் இதே விதிகளா?

வேர்தேடி:
எப்போது வந்தன என்பதைப் பொறுத்தது. தேத்தண்ணிக் கேத்தலைப் பாருங்கள், அது இரவல் சொல். நாமடி ஒலி இல்லை, ஆனாலும் சேத்தல் ஆகவில்லை. அது வரும்போது அந்த மாற்றம் எப்போதோ முடிந்துவிட்டது. எக்செலில் இரவல் சொற்களுக்கு ‘வந்த காலம்’ என்று ஒரு பத்தி சேர்த்து, அதற்குப் பிந்திய விதிகளை மட்டும் ஓடவிடுங்கள்.