பிரீசெட்டை நம்பி ரிவர்ப் போட்ட அனுபவம்: உங்களுக்கு எப்படி?

போன தை மாதம் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அக்கா ஒரு முருகன் பாட்டு பாடினாள், வீட்டில் வைத்து ரெக்கார்டிங், மிக்ஸிங் எல்லாம் நான்தான். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போர்வையைத் தொங்கவிட்டு எடுத்த குரல். சுத்தமாக இருந்தது, ஆனால் வறண்டு கிடந்தது. கோயில் பாட்டு, பெரிய இடத்தில் பாடுவது போல இருக்க வேண்டும் என்று நினைத்து ரிவர்ப்பில் (குரலுக்கு எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட்) 'லார்ஜ் ஹால்' என்ற பிரீசெட்டை, அதாவது தயாராக வரும் செட்டிங்கை, போட்டேன். ஹெட்ஃபோனில் கண்ணை மூடிக் கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. வேறு எதையும் தொடாமல் அப்படியே எக்ஸ்போர்ட் செய்து கொடுத்துவிட்டேன்.

கும்பாபிஷேகத்தன்று காலை குழாய் ஸ்பீக்கரில் அது ஓடியது. பக்கத்தில் நின்ற பெரியப்பா கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குரல் நல்லா இருக்குப்பா, ஆனா பிள்ளை என்ன பாடுதுன்னுதான் பிடிபடல" என்றார். பாட்டின் வரிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், எனக்கே பாதி விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அந்தப் பிரீசெட்டில் டிகே, அதாவது எதிரொலி அடங்க எடுக்கும் நேரம், 4.2 நொடி. பாட்டின் வேகம் 84 பிபிஎம் (நிமிடத்துக்கு 84 தட்டு), ஒரு தட்டுக்கு 0.71 நொடி. அக்கா ஒரு சொல்லைப் பாடி முடித்த பிறகும் அதன் வால் கிட்டத்தட்ட ஆறு தட்டு வரை பின்னாலேயே வருகிறது. அது மட்டும் இல்லை. பல்லவியில் 'பற்று' என்று ஒரு சொல் வரும், அதை மட்டும் லூப் போட்டுக் கேட்டேன். நீங்களும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், நடுவில் நாக்கு மேலே ஒட்டி, குரல் ஒரு கணம் முழுதாக அடைபடும். ரிவர்ப் இல்லாத டிராக்கில் அந்த இடம் கத்தியால் வெட்டியது போல வெற்றிடமாகத் தெரிந்தது. ரிவர்ப் போட்ட டிராக்கில் அங்கே முந்தைய 'ப'வின் வால் நிரம்பி வழிகிறது. பக்கம், எட்டு, விட்டு என்று ஒற்று இரட்டிக்கிற எல்லாச் சொல்லுக்கும் இதே கதிதான். தமிழ்ப் பாட்டில் இந்தச் சின்ன மௌனங்கள் போனால் சொல்லே போய்விடும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

டிகேயை 1.6 நொடிக்கு இறக்கினேன். பிரீ-டிலேயை, அதாவது குரலுக்கும் எதிரொலி தொடங்குவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை, பூஜ்யத்திலிருந்து 45 மில்லி நொடிக்கு ஏற்றினேன், அதாவது ஒரு தட்டில் பதினாறில் ஒரு பங்கு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், அந்தக் கணக்கில் 45 மில்லி நொடி என்றால் போய்வந்து மொத்தம் 15 மீட்டர் கடந்த ஒலி. வால் குறைந்தும் இடம் சிறுத்ததாகத் தோன்றவில்லை, எழுத்து மட்டும் முன்னால் வந்து நின்றது. கல் மண்டபத்துக்கே சொந்தமாக எதிரொலி உண்டு என்பதையும் நான் யோசித்திருக்க வேண்டும்.

*

தம்பி, எனக்கு நடந்தது வேறு மாதிரி. நான் ரிவர்ப்பை எப்போதும் சென்ட் டிராக்கில் (குரலின் நகல் ஒன்றை அனுப்பும் தனி டிராக்) வைப்பேன். ஒவ்வொரு பிரீசெட்டாக மாற்றிக் கேட்டு எது நன்றாக இருக்கிறதோ அதை எடுப்பேன், வருடக்கணக்கில் இதே பழக்கம். ஒருநாள் மீட்டரைக் கவனித்தபோதுதான் தெரிந்தது, பிரீசெட் மாறும்போதெல்லாம் மிக்ஸ் நாபும் (ரிவர்ப் எத்தனை சதவீதம் என்று வைக்கும் திருகு) 30, 40 என்று மாறிக்கொண்டே இருக்கிறது. மிச்சம் 60, 70 சதவீதம் டிரை, அதாவது ரிவர்ப் சேராத குரல், அது சென்ட் வழியாக இன்னொரு முறை வந்து அசல் குரலோடு சேர்கிறது. சத்தம் கூடியதைத்தான் தரம் கூடியதாக நினைத்திருக்கிறேன். சென்டில் போட்டால் மிக்ஸ் 100 சதவீதம் வெட் (வெறும் ரிவர்ப் ஒலி), சில பிளக்கின்களில் (ரிவர்ப் மென்பொருள்களில்) அதைப் பூட்டி வைக்க வசதியும் இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள். பூட்டிவிட்டுப் பழைய பிரீசெட்டுகளை மறுபடி கேட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது சாதாரணமாகிவிட்டது, ஒதுக்கி வைத்திருந்த ஒரு பிளேட் பிரீசெட் பிரமாதமாக இருந்தது.

பிளேட் குரலுக்கு நன்றாக உட்காரும். அதன் மூலவடிவம் 1957இல் ஜெர்மனியில் வந்த இஎம்டி 140 என்ற ரிவர்ப் கருவி, தொங்கவிட்ட எஃகுத் தகடு, 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அதில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை, அதனால் எந்த இடத்தையும் அது நினைவுபடுத்துவதில்லை, குரலைச் சுற்றி அடர்த்தி மட்டும் வரும்.

இன்னொன்று, மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தை ஹால் பிரீசெட்டுக்குள் அப்படியே அனுப்பாதீர்கள், கும்மென்று எல்லாவற்றையும் மூடிவிடும். லண்டனில் பீட்டில்ஸ் குழு பதிவு செய்த அபே ரோடு ஸ்டுடியோவில் ரிவர்ப்புக்குப் போகும் சிக்னலில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டி அனுப்புவார்கள். நானும் இப்போது அப்படித்தான். குரலில் 'ச', 'ஸ' இழுபடுவதும் நின்றுவிட்டது.

*

இரண்டு பேரும் சொன்னதைப் படித்ததும் என் கதையையும் எழுதத் தோன்றியது. பிரீசெட்டில் வரும் கதீட்ரல் எதுவும் எங்கள் ஊர் மாதா கோயில் போல இல்லை, அதனால் அந்த இடத்தையே பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். கன்வல்யூஷன் ரிவர்ப் என்றால் இதுதான் வசதி, ஒரு இடத்தில் பலூன் உடையும் சத்தத்தை அதன் எதிரொலியோடு எடுத்துக் கொடுத்தால் போதும், அந்த இடமே பிளக்கினுக்குள் வந்துவிடும். திருப்பலி முடிந்த பிறகு ஃபாதரிடம் கேட்டு, ஃபேன்களை எல்லாம் நிறுத்தி, பீடத்துக்கு முன்னால் நின்று ஐந்தாறு பலூன் உடைத்தேன்.

வீட்டில் அதை ஏற்றி ஒரு கைத்தட்டலை அனுப்பிப் பார்த்தேன். தட்டல், அழகான வால், அதன் முடிவில் மெல்லிசாக ஒரு 'கா'. ஜன்னலுக்கு வெளியே இருந்த காகம். எத்தனை முறை தட்டினாலும் அத்தனை முறை அதுவும் கரைகிறது. பாட்டை அனுப்பினால் காகம் தனியாகக் கேட்காது, ஆனால் குரல் முழுக்க ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்கிறது, காரணம் தெரியாமல் இருந்திருந்தால் மைக்கைத்தான் மாற்றியிருப்பேன்.

பிறகு ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் போய் மறுபடி எடுத்தேன். வாலைக் காகம் வரும் இடத்துக்கு முன்பே ஃபேட் செய்யலாம் என்று நண்பர் சொன்னார், ஆனால் அந்தக் கோயிலின் அழகே கடைசி ஒரு நொடியில்தான் இருக்கிறது, அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.