ஸ்னேக் பிளான்ட் இலை அடியில் கொழகொழவென்று ஆகிறது – தண்ணீரைக் கூட்டலாமா?

கேள்வி:
வீட்டுக்குள் இருக்கும் ஸ்னேக் பிளான்ட், மஞ்சள் ஓர ரகம். இரண்டு இலைகள் அடிப்பக்கம் மஞ்சளாகிக் கொழகொழவென்று இருக்கின்றன. ஒன்றை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மற்ற இலைகளில் நெடுக்காகச் சுருக்கம். வாரம் ஒரு டம்ளர் தண்ணீர் விடுகிறேன். செடி இருப்பது பிளாஸ்டிக் தொட்டியில். அதை ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கியிருக்கிறேன். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி வைத்திருக்கிறேன். சுருக்கத்தைப் பார்த்தால் தண்ணீர் போதவில்லையோ என்று தோன்றுகிறது.

பதில் 1:
கூட்டவே கூட்டாதீர்கள். சுருக்கம் மட்டும் இருந்தால் வறட்சி எனலாம். அடியும் கொழகொழத்துப் போயிருந்தால் அது வேர் அழுகல். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே இலை வற்றும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றித்தான் பல செடிகள் போகின்றன.

இந்தச் செடி இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும். பகல் வெயிலில் நீரை அதிகம் இழப்பதில்லை. இலையிலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலும் நீரைச் சேர்த்தும் வைத்திருக்கும். வெளிச்சம் குறைந்த மூலையில் இன்னும் மெதுவாகத்தான் குடிக்கும்.

செடியை வெளியே எடுத்து மண்ணை முழுக்க உதிருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். விரலால் உருவினால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் வரும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அவற்றை நறுக்கிவிடுங்கள். கிழங்கில் வெட்டுவாய் சுத்தமாகத் தெரியும்வரை வெட்ட வேண்டும். துளி பழுப்பு நின்றாலும் மறுபடி பரவும். பிறகு 2-3 நாள் நிழலில் காயட்டும்.

தொட்டி மண் 2 பங்கு, பெர்லைட் (நீர் வடிய உதவும் இலேசான வெள்ளைத் துகள்) 1 பங்கு, பருமணல் 1 பங்கு கலந்து நடுங்கள். தொட்டி வேர்க்கட்டைவிட 2-3 செ.மீ. அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். நட்டு ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

அதன்பின் வாரக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம். உலர்ந்து வந்தால் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். இலைக்குருத்தின் நடுவில் தேங்கவிடாதீர்கள்.

பதில் 2:
அந்தப் பீங்கான் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், அடியில் தண்ணீர் நிற்கும் என்று நினைக்கிறேன். இனி உள்தொட்டியை வெளியே எடுத்து ஊற்றி, கால் மணி நேரம் வடிந்தபின் உள்ளே வையுங்கள். அடியில் கூழாங்கல் போடச் சொல்பவர்கள் உண்டு, போடாதீர்கள். மேல் மண் முழுக்க ஊறிய பிறகுதான் நீர் கல்லுக்குள் இறங்கும். ஈரம் வேருக்குப் பக்கத்தில் ஏறி நிற்பதுதான் மிச்சம்.

ஜன்னலுக்கு மூன்று நான்கு அடிக்குள் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக நேர் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

கேட்டவர்:
நன்றி. கிழங்கு பெரும்பாலும் போயிருந்தால், நல்ல இலையை வெட்டி நட்டால் வருமா?

பதில் 1:
வரும், ஆனால் மஞ்சள் ஓரம் வராது. இலைத்துண்டிலிருந்து கிளம்பும் குருத்து முழுப் பச்சையாகத்தான் இருக்கும். ஓரம் வேண்டுமானால் குருத்தோடு ஒரு துண்டுக் கிழங்காவது தேறுகிறதா என்று முதலில் தேடுங்கள். விரல் நீளத் துண்டு, அதில் இரண்டு வேர் இருந்தால் தனியாக நடலாம்.

அது இல்லையென்றால், அழுகலுக்கு நன்றாக மேலே இலையை வெட்டி 7-10 செ.மீ. துண்டுகளாக்குங்கள். அடிப்பக்கத்தை அம்பு முனை போல வெட்டி அடையாளம் வையுங்கள், தலைகீழாக நட்டால் வேர்விடாது. வெட்டுவாய் காய்ந்தபின் 2-3 செ.மீ. ஆழத்தில் செருகுங்கள். வேர்விட ஒன்றிரண்டு மாதம் ஆகும். குருத்து அதற்கும் வெகு நாள் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். இடையில் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், புது வேர் ஒடிந்துவிடும்.

வீட்டில் பூனை, நாய் இருந்தால் வெட்டிய துண்டுகளை எட்டாமல் வையுங்கள். கடித்துத் தின்றால் வாந்தியெடுக்கும்.